தோல் பணப்பையின் உட்பகுதிப் பொருட்கள்

தோல் பணப்பையின் உட்பகுதிப் பொருட்கள் என்பன, கையால் செய்யப்படும் தோல் பணப்பையின் (பேச்சு வழக்கில் பர்ஸ், மணிபர்ஸ்) வெளித்தோலுக்கு உள்ளே அமையும் உள்ளுறை, பணத்தாள் அறையின் தடுப்பு, அட்டை அறைகள், நாணய அறை ஆகியவற்றுக்குப் பயன்படும் தோல், துணி, செயற்கைத் தாள் முதலியவை ஆகும். பணப்பையை வாங்குவோர் பெரும்பாலும் வெளித்தோலையே பார்க்கின்றனர். ஆனால் பையின் தடிமனையும் ஆயுளையும் தீர்மானிப்பது உட்பகுதியே. வெளித்தோல் நன்றாக இருக்கும்போதே உள்ளுறை கிழிந்தோ உரிந்தோ போனதால் தூக்கி எறியப்படும் பணப்பைகள் மிகுதி.

ஓசூர், கிருஷ்ணகிரி தொழிற்பகுதி இப்பொருட்களைத் தேர்வதற்கு வசதியான இடத்தில் அமைந்துள்ளது. கிழக்கே சென்னை நெடுஞ்சாலையில் வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டை ஆகிய தோல் பதனிடும் ஊர்கள் உள்ளன. மேற்கே கர்நாடக எல்லையைத் தாண்டியவுடன் பெங்களூர்ச் சந்தை உள்ளது. இடையில் கிருஷ்ணகிரிக்கு அருகிலுள்ள பர்கூர் மொத்தத் துணி வணிகத்துக்குப் பெயர் பெற்ற ஊராகும். எனவே தோல், துணி ஆகிய இரண்டு வகை உள்ளுறைகளும் இப்பகுதியில் கைவினை செய்வோருக்கு ஒரு நாள் பயணத் தொலைவிலேயே கிடைக்கின்றன.

அளவுகளும் தடிமனும்

உட்பகுதியின் அளவுகளைப் பணத்தாளும் வங்கி அட்டையும் முடிவு செய்கின்றன. வங்கி அட்டைகள் உலகெங்கும் ஒரே அளவின. அவற்றின் நீளம் 85.60 மி.மீ., அகலம் 53.98 மி.மீ., தடிமன் 0.76 மி.மீ. ஆகும். அட்டை அறையின் உள்ளகலம் இதைவிட ஏறத்தாழ 4 மி.மீ. கூடுதலாக இருத்தல் வேண்டும். இரு பக்கத் தையல் இடத்தையும் சேர்த்தால் அறைத்துண்டின் அகலம் 97 முதல் 100 மி.மீ. வரை ஆகும்.

இந்தியப் பணத்தாள்களின் அளவு 2016க்குப் பிறகு மாறியது. அவ்வாண்டு நவம்பர் 8 அன்று செல்லாது என அறிவிக்கப்பட்ட பழைய 500 ரூபாய்த் தாள் 167 மி.மீ. நீளமும் 73 மி.மீ. அகலமும் கொண்டது. பழைய 1000 ரூபாய்த் தாளின் நீளம் 177 மி.மீ. ஆகும். புதிய வரிசையில் 500 ரூபாய்த் தாள் 150 × 66 மி.மீ., 200 ரூபாய்த் தாள் 146 × 66 மி.மீ., 100 ரூபாய்த் தாள் 142 × 66 மி.மீ. என்ற அளவுகளில் உள்ளன. இதனால் பணத்தாள் அறையின் உயரத்தை 7 மி.மீ. குறைக்க இடம் கிடைத்தது. எனினும் 73 மி.மீ. அகலமுள்ள பழைய 100 ரூபாய்த் தாள் இன்றும் செல்லும் என்பதால் பலர் பழைய உயரத்தையே பின்பற்றுகின்றனர். 2016க்கு முன் வரையப்பட்ட வெட்டுப்படிவங்களையும் அயல்நாட்டுப் படிவங்களையும் அளந்து பாராமல் பயன்படுத்துவது வீண் பருமனுக்கு ஒரு காரணமாகும்.

தடிமன் கணக்கு எளியது. ஆனால் தொடக்கநிலையினர் பலர் இதனைப் போடுவதில்லை. பக்கத்துக்கு நான்கு அட்டை அறைகள் கொண்ட, இரண்டாக மடியும் பணப்பையை எடுத்துக்கொள்ளலாம். வெளித்தோல் 1.2 மி.மீ., உள்ளுறை 0.5 மி.மீ., பணத்தாள் தடுப்பு 0.8 மி.மீ. என்க. அட்டை அறைகளையும் 0.8 மி.மீ. தோலிலேயே முழு உயரத்துக்கு வெட்டி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் அவை மட்டும் 3.2 மி.மீ. ஆகும். ஆக ஒரு பக்கம் 5.7 மி.மீ.; மடித்தால் 11.4 மி.மீ. இது பை வெறுமையாக இருக்கும்போதுள்ள தடிமன். இதில் எட்டு அட்டைகளை வைத்தால் மேலும் 6 மி.மீ. சேரும். பணத்தாள்களை வைக்கும் முன்னரே பை ஒரு சிறு செங்கல்லைப் போல் ஆகிவிடும்.

அதே அறைகளின் மறைந்திருக்கும் உடலை 0.2 மி.மீ. துணியில் வெட்டி, கண்ணுக்குத் தெரியும் வாய்ப்பகுதியில் மட்டும் 15 முதல் 20 மி.மீ. அகலமுள்ள மெல்லிய தோல் பட்டையைத் தைத்தால் நான்கு அறைகளின் உடல் 0.8 மி.மீ. அளவிலேயே முடிந்துவிடுகிறது. ஒவ்வொரு பட்டையும் வெவ்வேறு உயரத்தில் அமைவதால் தோல் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிவதில்லை. தொழிற்சாலைப் பணப்பைகளில் இம்முறையே பெரிதும் காணப்படுகிறது. முழுவதும் தோலால் செய்வதே உயர்ந்தது என்னும் கருத்து கைவினைஞரிடையே வலுவாக இருப்பதால் இம்முறையைத் தரக்குறைவாகக் கருதுவோர் உண்டு. மறைந்த இடத்தில் நல்ல துணியை வைப்பது குறையாகாது.

முழுத் தோலிலேயே செய்ய விரும்புவோர், கீழ் அறைகளைத் தவிர மற்றவற்றை ஆங்கில 'டி' எழுத்தின் வடிவில் வெட்டிக் கீழ்ப்பக்க ஓரங்களை நீக்கிவிடுவர். இதனால் பக்கத் தையல் ஓரத்தில் எல்லா அறைகளும் ஒருங்கே சேர்வதில்லை. அத்துடன் அறைத்துண்டின் ஓரங்களைக் கத்தியால் சாய்வாகச் சீவி மெலிதாக்குவர். தோல் தொழிற்சாலைகளில் இது ஸ்கைவிங் எனப்படும்.

மடிப்பின் உட்புறம்

மடியும் பணப்பையில் உள்ளுறையை வெளித்தோலின் அளவுக்கே வெட்டுவது தவறாகும். பையை மடிக்கும்போது உள்ளடுக்கு செல்லும் வளைவு வெளியடுக்கின் வளைவைவிடச் சிறியது. 180 பாகை மடிப்பில் இரண்டுக்கும் உள்ள நீள வேறுபாடு, அவற்றின் இடைத்தொலைவை 3.14 ஆல் பெருக்கி வருவதாகும். இடைத்தொலைவு 1.5 மி.மீ. எனில் வேறுபாடு ஏறக்குறைய 4.7 மி.மீ. ஆகிறது. இதைக் கழிக்காமல் ஒட்டினால் மிகுதியான பொருள் மடிப்பின் உள்ளே சுருக்கங்களாக எழும்பும். சில மாதங்களில் அச்சுருக்கங்களே தேய்ந்து கிழியத் தொடங்கும். உள்ளுறையைத் தட்டையாக ஒட்டாமல், வெளித்தோலை மடித்துப் பிடித்த நிலையில் ஒட்டுவதும் இதற்கு ஒரு வழியாகும். துணி, மெல்லிய ஆட்டுத்தோல் ஆகியவை இவ்விடத்தில் நன்கு ஒத்துழைக்கின்றன. விறைப்பான தோலும் ரெக்சினும் ஒத்துழைப்பதில்லை.

தோல் வகைகள்

தமிழ்நாட்டில் உட்பகுதிக்கு எளிதில் கிடைப்பதும் பொருத்தமானதும் வெள்ளாட்டுத்தோல் ஆகும். இதன் நார்கள் நெருக்கமானவை. எனவே 0.5 மி.மீ. அளவுக்கு மெலிந்த பின்னரும் கிழியாமல் தாங்குகிறது. இதன் மேற்பரப்பிலுள்ள நுண்ணிய மேடுபள்ளங்கள் கீறலை மறைப்பதுடன் அட்டை வழுக்கிச் செல்லவும் உதவுகின்றன. செம்மறியாட்டுத்தோல் மென்மை மிக்கது; ஆனால் வலுக் குறைந்தது. எனினும் தமிழ்நாட்டுச் செம்மறிகள் பெரும்பாலும் கம்பளி மயிர் இல்லாத வகையின என்பதால் அவற்றின் தோல் குளிர்நாட்டுக் கம்பளி ஆடுகளின் தோலைவிட இறுக்கமானது. சேலம், ஈரோடு, தருமபுரி வட்டாரங்களில் வளர்க்கப்படும் மேச்சேரி ஆடு தோலின் தரத்துக்காகவே அறியப்பட்ட இனமாகும். பணத்தாள் அறையின் உள்ளுறைக்கு இவ்வகைத் தோல் போதுமானது. அட்டையை நாள்தோறும் பலமுறை எடுத்து வைக்கும் அறைகளுக்கு வெள்ளாட்டுத்தோலே ஏற்றது.

மாட்டுத்தோலை 0.8 மி.மீ. அளவுக்கு மெலிதாக்கியும் பயன்படுத்தலாம். மெலிதாக்கும்போது மயிர்ப்புற அடுக்கைத் தக்கவைத்துச் சதைப்புறத்தையே நீக்க வேண்டும். சதைப்புறத்தில் இருந்து பிரித்தெடுத்த பிளவுத்தோல் விலை குறைந்தது. ஆயினும் அதில் நார்ப் பிணைப்பு தளர்வாக உள்ளதால் மெல்லிய அறைகளுக்கு ஆகாது. அது விரைவில் நீண்டு தொங்கிவிடும். தோல் துகள்களை இறப்பர்ப் பால் போன்ற பிணைப்பொருளுடன் சேர்த்து அழுத்திய தாள்கள் விறைப்புக்காக இடையில் வைக்கத் தக்கவை. மடிப்பில் வைத்தால் பிளக்கும்.

மேலை நாடுகளிலும் யப்பானிலும் பன்றித்தோல் உள்ளுறை பரவலாக உள்ளது. அது மெல்லியது, உறுதியானது, மலிவானது. எனினும் தமிழ்நாட்டில் இதனை விரும்பாதோர் பலர். ஆம்பூர், வாணியம்பாடித் தோல் வணிகத்தில் முசுலிம்கள் நெடுங்காலமாகப் பெரும்பங்கு வகித்து வருகின்றனர் என்பதும் கருதத்தக்கது. வாங்குவோர் சிலர் மாட்டுத்தோலையும் தவிர்ப்பதுண்டு. ஆட்டுத்தோலுக்கு இவ்வகை மறுப்பு மிகக் குறைவு. எந்த விலங்கின் தோல் உள்ளே உள்ளது என்பதை வாங்குவோருக்குச் சொல்லிவிடுவது முறை.

தோல் எல்லாத் திசையிலும் ஒரே அளவில் நீள்வதில்லை. முதுகெலும்பின் நெடுக்கில் நீட்சி குறைவு; குறுக்கில் அதிகம்; வயிற்றுப் பகுதியில் மிக அதிகம். எனவே அட்டை அறையின் வாய் முதுகெலும்பின் நெடுக்குத் திசையில் அமையுமாறு வெட்ட வேண்டும். பக்கத்துக்கு நான்கு அறைகள், உள்ளுறை, தடுப்பு ஆகியவற்றுக்குச் சுமார் ஒரு சதுர அடித் தோல் தேவைப்படும். வயிற்றுப் பகுதியையும் வடுக்களையும் தவிர்த்து வெட்டுவதற்குக் கூடுதலாக வாங்குவது வழக்கம்.

பதனிடும் முறையும் உடல்நலமும்

உட்பகுதித் தோலைத் தேர்வதில் விலங்குக்கு அடுத்தபடியாகக் கருத வேண்டியது பதனிட்ட முறையாகும். தென்னிந்தியாவின் பழைய முறை தாவரப் பதனிடல் ஆகும். இதற்கு ஆவாரம் பட்டை பயன்பட்டது. ஆவாரை தருமபுரி, கிருஷ்ணகிரி உள்ளிட்ட வறண்ட நிலங்களில் தானே வளரும் செடியாகும். பின்னர் இதன் இடத்தைப் பெரும்பாலும் வாட்டில் பட்டைச் சாறு பிடித்துக்கொண்டது. இறுதியில் கடுக்காய் சேர்ப்பதால் தோலுக்கு வெளிர் நிறம் கிடைக்கிறது. இவ்வாறு பதனிட்ட தோல் உலகச் சந்தையில் கிழக்கிந்தியத் தோல் என்னும் பெயரால் அறியப்படுகிறது. தமிழ்நாட்டுக்கான புவிசார் குறியீடும் பெற்றுள்ளது. 1978இல் தொடங்கப்பட்ட புதுச்சேரி ஐடிசைன் நிறுவனம் தன் தோற்பைகளில் தாவரப் பதன் தோலைப் பயன்படுத்திப் பெயர் பெற்றது.

குரோமியப் பதனிடல் 20ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் ஆல்பிரட் சாட்டர்டன் முயற்சியால் சென்னையில் அறிமுகமானது. 1970களில் அரைப்பதன் தோல் ஏற்றுமதிக்கு நடுவணரசு கட்டுப்பாடு விதித்ததை அடுத்து, முழுமையாக முடித்த தோலும் காலணிகளும் செய்யும் தொழில் வளர்ந்தது. காலணியின் உள்ளே வைக்கும் மெல்லிய ஆட்டுத்தோல் இன்று எளிதில் கிடைப்பதற்கு இவ்வளர்ச்சியும் ஒரு காரணமாகும். கைவினைஞர் உள்ளுறைக்காக வாங்கும் லைனிங் தோல் பெரும்பாலும் இக்காலணித் தொழிலுக்காகச் செய்யப்பட்டதே.

குரோமியப் பதன் தோல் மென்மையானது, நீரைத் தாங்கும், நிறம் மங்குவது குறைவு. தாவரப் பதன் தோலை ஓரம் தேய்த்து மெருகேற்றலாம். மடித்த இடத்தில் மடிப்பு நிற்கும். ஆனால் வியர்வையும் ஈரமும் பட்டால் கறைபடும். மழைக்காலத்தில் மூடிய அலமாரியில் வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். இரும்பு பட்டால் தோலிலுள்ள டேனின் அதனுடன் வினைபுரிந்து கருநீலக் கறையை உண்டாக்கும். எனவே தாவரப் பதன் தோல் வைத்த நாணய அறைக்குப் பித்தளைப் பொத்தானே பொருந்தும்.

பதனிடப் பயன்படும் குரோமியம் மூவிணைதிறன் கொண்டது; அது தோலில் பெரிய தீங்கு செய்வதில்லை. ஆனால் முறை தவறிய பதனிடலாலும், மிகுந்த வெப்பம், ஒளி, காரத்தன்மை ஆகியவற்றாலும் அதன் ஒரு சிறு பகுதி அறுவிணைதிறன் குரோமியமாக மாறக்கூடும். இது தோல் ஒவ்வாமையை உண்டாக்குவதுடன் புற்றுநோய்க் காரணியும் ஆகும். உடலில் படும் தோல் பொருட்களில் இதன் அளவு கிலோகிராமுக்கு 3 மில்லிகிராமுக்குக் குறைவாக இருக்க வேண்டும் என ஐரோப்பிய ஒன்றியம் 2015 மே 1 முதல் விதித்துள்ளது. குரோமியப் பதனுக்குப் பின் தாவரச் சாறு கொண்டு மறுபதன் செய்தால் இம்மாற்றம் பெருமளவு தடுக்கப்படுகிறது. இவ்வகைக் கலப்புப் பதன் ஆட்டுத்தோல், மென்மை, பாதுகாப்பு ஆகிய இரண்டையும் ஓரளவு தருவதால் உட்பகுதிக்குப் பெரிதும் ஏற்றதாகும். தோலைச் சோதித்துத் தரும் வசதி, 1948இல் தொடங்கப்பட்ட சென்னை அடையாற்றிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்தில் உண்டு.

தாவரப் பதன் என்பதனாலேயே ஒரு தோல் சுற்றுச்சூழலுக்குத் தீங்கற்றது என்று கொள்ளவியலாது. பச்சைத்தோலைப் பாதுகாக்கத் தடவும் உப்பு, எம்முறையில் பதனிட்டாலும் கழிவுநீரில்தான் சேர்கிறது. பாலாற்றுப் படுகையின் நிலத்தடி நீரும் விளைநிலங்களும் கெட்டதற்கு எதிராக வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996 ஆகத்து 28 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, மாசுபடுத்துவோரே ஈடு தர வேண்டும் என்னும் கோட்பாட்டை இந்தியச் சட்டத்தில் நிலைநாட்டியது. அதன் பின் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு வசதி இல்லாத ஆலைகள் மூடப்பட வேண்டியதாயிற்று. மலிவான தோலின் விலையில் சேராத ஒரு செலவைப் பாலாற்றங்கரை உழவர்கள் சுமந்துள்ளனர்.

கையில் உள்ள தோலின் பதன் முறையை அறிய எளிய வழிகள் உண்டு. வெட்டிய ஓரம் வெளிர் நீலச் சாம்பலாக இருந்தால் குரோமியப் பதன். பழுப்பாக இருந்தால் பெரும்பாலும் தாவரப் பதன். சிறு துண்டைக் கொதிநீரில் இட்டால் தாவரப் பதன் தோல் சுருங்கிச் சுருண்டுவிடும். நன்கு பதனிட்ட குரோமியத் தோல் தாங்கும். சாயம் ஏறும் தன்மையையும் சோதித்தல் நன்று. வெள்ளைத் துணியை முதலில் உலர்வாகவும், பின் ஈரமாகவும் தோலின்மேல் இருபது முறை தேய்த்துப் பார்க்க வேண்டும். துணியில் நிறம் ஒட்டினால் அத்தோல் பணத்தாளிலும் ஒட்டும்.

துணிகள்

அடர்த்தியாக நெய்த பருத்தித் துணி உள்ளுறைக்கு நல்லது. அது வியர்வையை உறிஞ்சும்; பசையை நன்கு ஏற்கும். மூலைவரி நெசவுத் துணி வெற்று நெசவைவிட உராய்வைத் தாங்கும். புதுத்துணியை நனைத்து உலர்த்திய பின்னரே வெட்ட வேண்டும். இல்லையேல் பின்னர் சுருங்கித் தோலை இழுக்கும். நைலான், பாலியெசுட்டர் துணிகள் மெல்லியவை, பருத்தியைவிட உறுதியானவை. தொழிற்சாலைப் பணப்பைகளில் இவையே மிகுதி. இவற்றின் வெட்டிய ஓரம் பிரியாமலிருக்கத் தீயால் லேசாக உருக்கிவிடுவர்.

கிருஷ்ணகிரி மாவட்டம் பட்டுப்புழு வளர்ப்புக்குப் பெயர் பெற்றது. பட்டு உள்ளுறை அழகானதே. ஆனால் அட்டையின் கூர்மையான மூலைகள் பட்டு இழைகளை அறுத்துவிடுவதால் அட்டை அறைகளுக்கு அது ஏற்றதன்று. பணத்தாள் அறைக்கு மட்டும் பயன்படுத்தலாம்.

ரெக்சினும் பிற செயற்கைப் பொருட்களும்

ரெக்சின் எனப் பொதுவாக அழைக்கப்படும் செயற்கைத் தோலில் இரு வகைகள் உண்டு. பாலியூரித்தேன் பூச்சு உள்ளவை காற்றிலுள்ள ஈரத்தால் மெல்லச் சிதைந்து, சில ஆண்டுகளில் செதில் செதிலாக உரியும். பயன்படுத்தாமல் அலமாரியில் வைத்திருந்தாலும் இது நிகழும். பிவிசி பூச்சு உள்ளவை உரிவது குறைவு. ஆனால் அவற்றை மென்மையாக்கச் சேர்க்கும் பொருள் மெல்ல வெளியேறிப் புகைப்படம், அச்சிட்ட அட்டை ஆகியவற்றின் மையுடன் ஒட்டிக்கொள்ளும். அடையாள அட்டை தெரிவதற்காக வைக்கும் ஒளிபுகு சன்னலிலும் இதே சிக்கல் எழுகிறது. ஒசூர்ச் சிப்காட் ஆலைகளில் பணிபுரிவோருக்கு அடையாள அட்டை நாள்தோறும் தேவைப்படுவதால், அட்டையை உள்ளேயே வைத்துக் காட்டும் சன்னல் பயனுள்ளது. அதனைப் பிவிசி தவிர்த்த படலத்தில் அமைப்பது நலம். ரெக்சின் உள்ளுறையின் ஒரே வலு அதன் விலை. பல ஆண்டுகள் உழைக்கக்கூடிய வெளித்தோலுக்குள் அதை வைப்பது பொருந்தாத சேர்க்கையாகும்.

அட்டைத் தகவலை வானலை வழியே திருடுவதைத் தடுக்கும் எனச் சொல்லி, உலோகப் பூச்சுத் துணியை உள்ளுறைக்கு அடியில் வைக்கும் வழக்கம் பரவியுள்ளது. தொடாமல் பணம் செலுத்தும் அட்டைகள் 13.56 மெகாஹெர்ட்சில், சில சென்டிமீட்டர் தொலைவுக்குள் மட்டுமே இயங்குகின்றன. இந்தியாவில் கடவு எண் இல்லாமல் இவ்வழியில் செலுத்தக்கூடிய உச்சத்தொகை 2021 சனவரி 1 முதல் 2000 ரூபாயிலிருந்து 5000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. தடுப்புத் துணி வேலை செய்யும் என்பது உண்மையே. எனினும் அட்டையின் இரு புறமும் மறைந்தால்தான் அது முழுமையாகும். அலுமினியத் தாளை வைத்தால் மடிப்பில் விரைவில் வெடித்துவிடும். நெய்த துணியில் உலோகம் பூசியது நீடிக்கும்.

பசையும் தையலும்

உள்ளுறையைத் தோலுடன் ஒட்டுவதற்கு நீர் கலந்த பசை, இறப்பர்ப் பசை (சொல்யூஷன்) ஆகிய இரண்டும் பயன்படுகின்றன. இறப்பர்ப் பசையின் கரைப்பான்கள் மூளைக்கும் நரம்புக்கும் கேடு செய்பவை என்பதால் காற்றோட்டமான இடத்திலேயே அதனைக் கையாள வேண்டும். மெல்லிய துணியில் நீர்ப்பசை மிகுந்தால் மறுபுறம் ஊறிக் கறையாகும். உள்ளுறையின் முழுப் பரப்பிலும் பசையிடத் தேவையில்லை. ஓரங்களில் 5 மி.மீ. அகலத்துக்கு இட்டால் போதும். மடிப்பில் பசையிடாமல் விட்டால் உள்ளுறை தடையின்றி நகரும்.

தையலுக்கு மெழுகிட்ட பாலியெசுட்டர் அல்லது ஆளிநூல் பயன்படும். 3 முதல் 4 மி.மீ. இடைவெளியில் துளையிடுவது வழக்கம். மெல்லிய ஆட்டுத்தோலில் துளைகள் இதைவிட நெருங்கினால் துளை வரிசையே கிழிகோடாக மாறிவிடும். துணி அறைகளின் அடி ஓரத்தை வெளித்தோலுடன் சேர்த்துத் தைக்காமல் தனியாக உள்ளுறையில் மட்டும் தைத்தால், துணி நைந்தபோது வெளித்தையலைப் பிரித்து அறைத்தொகுதியை மட்டும் மாற்றவியலும். தொழிற்சாலைப் பைகளில் அரிதான இவ்வசதியைக் கைவினைப் பைகளில் எளிதில் அமைக்கலாம்.